சித்தப்பா எடுத்த நர்கிஸ் படங்கள்: எதை வெளியில் போடுவது, எதைப் பெட்டியிலேயே வைப்பது?

டல்லாக்கரை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பா ரங்கூனில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம், தீமிதி, இவ்வளவுதான் தொழில். 2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல் கரையேறியது. மறுநாள் காற்று தணிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியவர் அந்த மாதம் முழுக்க வீட்டில் சரியாகத் தங்கவே இல்லை என்று சித்தி சொல்வார். சித்தப்பா இப்போது இல்லை. சித்தி வீடு மாறும்போது பழைய பிஸ்கட் டப்பாவில் சில சிடிகளும் ஒரு கட்டுப் பிரிண்டும் கிடைத்தன.

முதலில் வருவது நகரம். அனவ்ரட்டா ரோட்டில் வேரோடு சாய்ந்த மரங்கள், தொங்கும் மின்கம்பிகள், கைரம்பத்தால் கிளை அறுக்கும் பிக்குகள், குடத்தோடு நிற்கும் தண்ணீர் வரிசை. அடுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம். டல்லா, கோமு, குஞ்சாங்கோன், அப்புறம் வேறு வழியாகப் பியாபோன், போகலே வரை போயிருக்கிறார். கடைசியில் சோற்றுப் பொட்டலம் ஏற்றிய வண்டிகளும், சாலையோரம் கை நீட்டி நிற்கும் ஜனங்களும். இடையிடையே வாய்க்காலில் கிடக்கும் உடல்களும் இருக்கின்றன.

தம்பி மகன் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் ஏற்றிவிடலாம் என்கிறான். சித்திக்கு இஷ்டமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோல்மீன் தம்பி

எல்லாவற்றையும் போடுங்கள் அண்ணே. நர்கிஸ் வந்தபோது நான் குழந்தை. வீட்டில் பெரியவர்கள் பேச ஆரம்பித்தாலே அம்மா பேச்சை மாற்றிவிடுவார். 2023 மே 14 அன்று மோக்கா புயல் சிட்வே பக்கம் அடித்தபோதுதான் "இதற்கு முன் என்ன நடந்தது" என்று தேடினோம். கிடைத்த படங்களில் பாதி எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று எந்த விவரமும் கிடையாது. நம் ஆள் ஒருவர் எடுத்தது என்றால் அதைவிட என்ன வேண்டும்?

பியாபோன் அக்கா

டல்லாக்கரை தம்பி, உங்கள் சித்தி சொல்வதைக் கேளுங்கள்.

நான் அந்தப் பக்கத்துக்காரி. அன்று ராத்திரி கடல் உள்ளே வந்தது. எங்கள் பகுதியில் பன்னிரண்டு அடி உயரம் தண்ணீர் ஏறியது என்று பிறகு அளந்து சொன்னார்கள். இருட்டில் அளவெல்லாம் யாருக்குத் தெரியும்? அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது, நிலா வெளிச்சமும் இல்லை. என் பெரியம்மா வீட்டில் ஆறு பேர் போனார்கள், கிடைத்தது ஒருவர் மட்டும். அதையும் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. லோஞ்சியின் (நம் ஊர் லுங்கி) கட்டத்தைப் பார்த்து, தையல் பிரித்துப் போட்டிருந்த இடத்தைப் பார்த்து, இது இன்னார் என்று சொன்னோம்.

அரசாங்கக் கணக்கில் 84,537 பேர் இறந்தவர்கள், 53,836 பேர் காணாமல் போனவர்கள். இந்த இரண்டாவது எண்ணில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. நீங்கள் பேஸ்புக்கில் போடுகிற படத்தில் அந்தக் கட்டம் போட்ட லோஞ்சியை ஒருத்தி பேருந்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்க வேண்டுமா? பதினேழு வருஷத்துக்குப் பிறகு? லைக் எண்ணிக்கைக்கு நடுவில்?

ஆனால் அழித்தும் விடாதீர்கள். தனியாக எடுத்து வையுங்கள். எந்த ஊர், எந்தக் கால்வாய் என்று தெரிந்த அளவு எழுதி வையுங்கள். "எங்கள் ஆளைத் தேடுகிறோம், அந்த ஊர்ப் படம் இருக்கிறதா" என்று யாராவது கேட்டு வந்தால் அவர்களுக்கு மட்டும், பக்கத்தில் இருந்து காட்டுங்கள்.

மோல்மீன் தம்பி

அக்கா, புரிகிறது. உடல்கள் உள்ள படங்களை விட்டுவிடலாம். மற்றதைப் போடுவதில் தப்பில்லையே?

பியாபோன் அக்கா

அது வேறு விஷயம். அதற்கு நானும் சரி என்பேன்.

பர்மா பஜார்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் அறுபதுகளில் கப்பலில் வந்த குடும்பம், ஆனால் சொந்தங்கள் இன்னும் அங்கேதான். கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

படம் எடுத்து என்ன ஆனது? உலகம் முழுக்க அந்தப் படங்களைப் பார்த்தது. அமெரிக்கக் கப்பலும் பிரெஞ்சுக் கப்பலும் கடலில் சாமானோடு நின்றன, கரைக்கு விடவில்லை, கடைசியில் ஜூனில் அமெரிக்கர்கள் திரும்பிப் போனார்கள். உதவிக்கு வருகிறவர்களுக்கு விசா இல்லை. அந்த நிலைமையில் மே 10 அன்று அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். புயல் அடித்த டவுன்ஷிப்புகளுக்கு மட்டும் பெரிய மனது பண்ணி 24க்குத் தள்ளிவைத்தார்கள். தாய்லாந்திலிருந்து வந்த பெட்டிகளின் மேல் ஜெனரல்கள் பெயரை ஒட்டி விநியோகம் செய்ததும் அரசு டிவியில் படமாகத்தான் வந்தது. ஐராவதி டெல்டா மக்களுக்கு மீனும் தவளையும் இருக்கிறது, வெளிநாட்டு சாக்லேட் வேண்டாம் என்று அரசுப் பத்திரிகையில் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் படச் சாட்சி இருந்தது. யார் அசைந்தார்கள்?

மோல்மீன் தம்பி

இந்தியாவும் கப்பல் அனுப்பியது இல்லையா?

பர்மா பஜார்

ஆமாம், அனுப்பியது. ஐஎன்எஸ் ராணா, ஐஎன்எஸ் கிர்பான் இரண்டும் முதல் வாரத்திலேயே ரங்கூன் வந்தன. டில்லிக்கும் நேபிடோவுக்கும் பேச்சுவார்த்தை இருந்ததால் விட்டார்கள். படங்களைப் பார்த்ததால் அல்ல. நான் சொல்வதும் அதைத்தான். புயல் கரையேறுவதற்கு 48 மணி நேரம் முன்பே இந்திய வானிலைத் துறை தகவல் கொடுத்துவிட்டது. அந்தத் தகவலே கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு எடுத்த படம் எங்கே போய்ச் சேரும்?

பழைய கள ஊழியர்

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. நர்கிஸுக்குப் பிறகு ஒரு நிவாரண அமைப்பில் களவேலை பார்த்தேன். பெயர் வேண்டாம்.

பர்மா பஜார் அண்ணன் சொல்வது பெரிய இடத்து அரசியல். அங்கே படம் எதையும் அசைக்கவில்லை என்பது உண்மைதான். பான் கி மூன் நேரில் வந்து, மே 23 அன்று ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயைப் பார்த்த பிறகுதான் வெளிநாட்டு ஊழியர்களை டெல்டாவுக்குள் விட ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஆசியான், ஐநா, அரசாங்கம் மூன்றும் சேர்ந்த குழு அமைந்தது. இதெல்லாம் நடப்பதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் வேலை நிற்கவில்லை. உள்ளூர் ஆட்கள் செய்துகொண்டே இருந்தோம். எங்களுக்குப் படம் சோறு மாதிரி. எந்தப் படம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மேலே இருந்து எடுத்த படம் முதலில் வந்தது. நாசா செயற்கைக்கோள் ஏப்ரல் 15 அன்று எடுத்ததையும் மே 5 அன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டிருந்தார்கள். முதல் படத்தில் ஆறு தனி, கரை தனி, வயல் தனியாகத் தெரியும். இரண்டாவதில் கடலோரம் முழுக்க ஒரே தண்ணீர் நிறம். அதைப் பார்த்தால் பாதிப்பு எவ்வளவு பெரியது என்று தெரியும். லபுட்டா பக்கத்துக் குறிப்பிட்ட ஒரு கிராமத்தில் குடிதண்ணீர் குளத்தில் உப்பு ஏறிவிட்டதா என்பது தெரியாது. படகு அடைய துறை மிச்சம் இருக்கிறதா என்பதும் தெரியாது.

அது தரையில் நின்று எடுத்த படத்தில்தான் தெரியும். எங்களுக்கு உதவியவை அழுகிற முகங்கள் அல்ல. மடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கறை, பக்கத்தில் உயரம் தெரிய ஒரு ஆள். குளமும் அதில் மிதக்கிற எருமையும். துறையின் எந்த மரத்தூண் நிற்கிறது, எது போய்விட்டது. பள்ளிக்கூடத்துக் கூரை. பானைகள் உடைந்தனவா, இருக்கின்றனவா. டெல்டாவில் ஜனங்கள் மழைத்தண்ணீரைப் பெரிய மண் ஜாடியில் பிடித்தும், குளத்தில் தேக்கியும்தான் குடிப்பார்கள். ஜாடி இருந்தால் மழை பெய்ததும் தண்ணீர் கிடைக்கும். ஜாடி போய்விட்டால் முதலில் பிளாஸ்டிக் தொட்டியும் கேனும் அனுப்ப வேண்டும். ஒரு படத்தைப் பார்த்து இதை முடிவு செய்யலாம்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ஊருக்குள் நுழைந்ததும் ஊர்ப் பெயரையும் தேதியையும் சிலேட்டில் எழுதி முதல் படமாக எடுக்க வேண்டும். அடுத்த சிலேட் வரும்வரை உள்ளதெல்லாம் அந்த ஊர். சிலேட் இல்லாமல் வந்த படங்கள் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் ரங்கூன் ஆபீஸில் மேசை ஓரத்தில் கிடந்தன. எந்த ஊருக்கு என்ன அனுப்புவது என்று அதை வைத்து என்ன முடிவெடுக்க முடியும்?

அதனால் டல்லாக்கரை அண்ணே, உங்கள் சித்தப்பா எடுத்ததில் சாதாரணமாகத் தெரிகிற படங்கள் இருக்கும் இல்லையா, வெறும் சுவர், வெறும் குளம், வெறும் படகுத்துறை, அவற்றைக் கழித்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அவைதான் முதலில் போட வேண்டியவை. அந்தக் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்று இன்றைக்கு வீடு கட்டுகிற ஒருவனுக்கு அதிலிருந்துதான் தெரியும்.

டல்லாக்கரை

சுவர்ப் படங்கள் நிறைய இருக்கின்றன. "ஏன் சுவரைப் போய் இத்தனை எடுத்திருக்கிறார்" என்று நாங்களே சிரித்தோம். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பக்கத்தில் நிற்கிறார்.

பழைய கள ஊழியர்

உங்கள் சித்தப்பா விவரமான மனிதர்.

அங் மோ கியோ

சிங்கப்பூரில் கணினி வேலை. எனக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறேன்.

முதலில் சிடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். வீட்டில் எழுதின சிடி பதினைந்து இருபது வருஷத்தில் பாழாகும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். ஒரே தடவை முழுதாக நகலெடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில். போடுவதற்கு வேறு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள்.

தேதி விஷயத்தில் ஜாக்கிரதை. அந்தக் காலத்துக் கேமராவில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் 2005 ஜனவரி 1 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நேரம் இன்னொரு சிக்கல். நம் ஊர் நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால். கேமராவைப் பாங்காக்கில் வாங்கி அந்த நேரத்தையே வைத்திருந்தால் அரை மணி முன்னால் காட்டும், இந்தியாவிலிருந்து வந்திருந்தால் ஒரு மணி பின்னால் காட்டும். ஒரு படத்தில் எங்காவது சுவர்க் கடிகாரம் தெரிந்தால் அதை வைத்து மொத்தத்தையும் சரிபண்ணிவிடலாம்.

கோப்புகளுக்குப் பர்மியப் பெயர் வைத்திருக்கிறாரா? 2008இல் என்றால் அது ஸாவ்ஜி எழுத்துருவில் இருக்கும். இப்போது யூனிகோட் கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் குழம்பித் தெரியும். குப்பை என்று நினைத்துப் பெயரை மாற்றிவிடாதீர்கள். மாற்றித் தருகிற கருவி இலவசமாகவே இருக்கிறது. அந்தப் பெயர்களில்தான் ஊர் இருக்கும்.

டல்லாக்கரை

ஆமாம் தம்பி! குழம்பித்தான் தெரிகிறது. வைரஸ் என்று நினைத்தோம். இன்று ராத்திரி பார்க்கிறேன்.

சுரத்தி பஜார் தாத்தா

இளைஞர்கள் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். இன்றைக்கு எல்லோர் கையிலும் கேமரா. 2008இல் சிம் கார்டு ஒன்றின் விலையே ஆயிரம் டாலருக்கு மேல். கேமரா வைத்திருப்பவன் தெருவுக்கு நாலு பேர். அதையும் வெளியில் எடுக்கப் பயம். அதற்கு முந்தின செப்டம்பரில்தான் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் ஊர்வலம் நடந்தது, சூலே பகோடா பக்கத்தில் ஜப்பான் பத்திரிகையாளர் ஒருவரைக் கையில் கேமராவோடு சுட்டுக் கொன்றார்கள். எட்டு மாசம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் ஒரு தமிழ் ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போகலே வரை போனார் என்றால் அது விளையாட்டு இல்லை.

நர்கிஸ் படங்களை விசிடியில் அடித்து நடைபாதையில் விற்றார்கள். துணிக்கடை ஓரம், டீக்கடை ஓரம், மடியில் மறைத்து வைத்துக்கொண்டு விற்பார்கள். நான் வாங்கியிருக்கிறேன். ஜனங்கள் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அரிசி மூட்டை கட்டினார்கள். நகைச்சுவை நடிகர் ஸர்கனாரை ஜூன் 4 அன்று பிடித்துக்கொண்டு போனார்கள். டெல்டாவில் நிவாரணம் கொடுத்தார், வெளிநாட்டு வானொலிக்குப் பேசினார், கையில் நர்கிஸ் படம் உள்ள சிடி வைத்திருந்தார். 59 வருஷம் தண்டனை போட்டார்கள், பிறகு 35 ஆகக் குறைத்தார்கள், 2011 அக்டோபரில்தான் வெளியே விட்டார்கள்.

பர்மா பஜார் தம்பி, படம் யாரையும் அசைக்கவில்லை என்கிறீர்கள். ஜெனரல்கள் அசையவில்லை, சரி. ரங்கூன் ஜனங்கள் அசைந்தார்கள். விசிடி பார்த்துவிட்டு ஜனங்கள் வேன் பிடித்துப் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருக் கோயிலில் அண்டா வைத்து எலுமிச்சம்பழச் சோறு கிண்டிப் பொட்டலம் கட்டினோம். சாம்பார் சோறு என்றால் போய்ச் சேருவதற்குள் ஊசிப்போகும், அதனால் எலுமிச்சை. சீனர் வீட்டுப் பையன்களும் சூரத்தி முஸ்லிம் வீட்டுப் பையன்களும் வந்து இலை மடித்தார்கள்.

பர்மா பஜார்

ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். விசிடி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அரசு டிவி பற்றிச் சொன்னதை விடமாட்டேன்.

அங் மோ கியோ

விட வேண்டாம். அந்தப் படங்களையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பேன். டெடாயே பக்கம் கியோண்டா முகாமைப் பான் கி மூனுக்குக் காட்டினார்கள் அல்லவா, அந்தப் படங்கள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. நேர்க்கோட்டில் நீலக் கூடாரங்கள். பாத்திரங்கள் எல்லாம் புதுசு. அதன் பக்கத்தில் அதே டெடாயே ரோட்டில் அதே மாதம் எடுத்த ஒரு சாலையோரப் படத்தை வைத்துப் பாருங்கள். இரண்டுமே கண்ணால் கண்டவர் எடுத்ததுதான். விளக்கம் எழுதவே தேவையில்லை.

தாட்டோன் டீச்சர்

சாலையோரப் படம் என்று சொன்னதால் கேட்கிறேன். எனக்கு உடல்களைவிட அந்தப் படங்கள்தான் சங்கடமாக இருக்கின்றன. கார் கண்ணாடி வழியாகப் பொட்டலத்தை வீசுகிறார்கள், குழந்தைகள் பாய்ந்து பொறுக்குகின்றன, அதையும் ஒருவர் படம் எடுக்கிறார். வயல் வைத்திருந்தவர்கள், எருமை ஜோடி வைத்திருந்தவர்கள். ஒரே ராத்திரியில் கை நீட்டுகிற நிலைமை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் படிக்கிற வயதில் இருப்பார்கள். "இது உன் தாத்தா" என்று எவனாவது காட்டினால்?

அப்போது சாலையில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள், பொருளை வண்டியிலிருந்து வீசாதீர்கள், ஜனங்களைப் பிச்சைக்காரர்களாக்காதீர்கள் என்று. கொடுத்தது அதிகாரிகள், நோக்கம் நன்கொடையாளர்களைத் திருப்பி அனுப்புவது. இருந்தாலும் வீசாதே என்பதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. யாரும் என்னைத் திட்ட வேண்டாம்.

சுரத்தி பஜார் தாத்தா

திட்டவில்லை டீச்சரம்மா. ஆனால் வண்டியை நிறுத்தினால் வண்டி நம்பரை எழுதிக்கொண்டார்கள். சில பேரின் வண்டியையே பிடித்து வைத்தார்கள். நிறுத்த முடியாததால்தான் வீசினார்கள். அது படத்தில் தெரியாது.

தாட்டோன் டீச்சர்

படத்தில் தெரியாது என்றால் கீழே எழுதித்தானே ஆக வேண்டும்? எழுதாமல் போட்டால் பார்க்கிறவன் கொடுத்தவரைத் திமிர் பிடித்தவர் என்பான், வாங்கினவரைப் பிச்சைக்காரர் என்பான்.

பழைய கள ஊழியர்

டீச்சர் சொன்னதோடு இன்னொன்று. சோறு கொடுக்கிற படங்கள் மே மாதத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எடுக்கவில்லை. உப்பு ஏறின குளத்தை இறைத்து, சேறு வாரி, மழைக்குக் காத்திருந்தது. உழ எருமை இல்லாமல் கைக்கலப்பை இயந்திரத்துக்கு ஊரே சேர்ந்து டீசல் வாங்கினது. நடவுக் காலம் ஜூன், ஜூலையில் தப்பினால் வருஷமே போச்சு. 2009 கோடையில் குளங்கள் வற்றி, படகில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினோம். அந்த வருஷத்துப் படம் ஒன்றே ஒன்று யாரிடமாவது இருந்தால், பத்து மே மாதப் படத்துக்கு அது சமம். டப்பாவில் தேடிப் பாருங்கள்.

டல்லாக்கரை

ஸாவ்ஜியை மாற்றிப் பார்த்தேன். கோப்புப் பெயரில் ஊர், தேதி, சில இடத்தில் ஆள் பெயர்கூட இருக்கிறது. ஆள் பெயரை இங்கே எழுதவில்லை.

ஒரே ஒரு படத்துக்குப் பெயர் இல்லை. 31ஆம் எண். இரண்டு மாடி ஃபெர்ரி ஒன்று கரைமேல் ஏறிச் சாய்ந்து கிடக்கிறது. பின்னால் சின்னக் கோபுரம், டனி ஓலைக் கொட்டகை, பலகையில் தமிழில் "ரியம்மன்" என்று மட்டும் தெரிகிறது, முன்பாதி உடைந்துவிட்டது. ஆறு அகலமாக இருக்கிறது. அக்கரை மங்கலாகத்தான் தெரிகிறது. யாருக்காவது இடம் தெரிகிறதா?

மோல்மீன் தம்பி

தன்லின் பக்கமாக இருக்குமோ? அங்கே தமிழ்க் கோயில்கள் நிறைய.

அங் மோ கியோ

டனி நீர்த்தென்னை ஓலை. தன்லினிலும் வேய்வார்கள், அதை வைத்துச் சொல்ல முடியாது. ஃபெர்ரியில் பர்மிய எண்கள் தெரிகின்றனவா? பதிவு எண்ணுக்கு முன் எழுத்து இருக்கும்.

டல்லாக்கரை

எண் சேற்றில் மறைந்திருக்கிறது.

மோல்மீன் தம்பி

மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன? காற்று எந்தத் திசை என்று பார்த்தால் இடம் கிடைக்கும்.

பழைய கள ஊழியர்

அதை நம்ப வேண்டாம் தம்பி. புயலின் மையம் கடந்துபோகும்போது காற்று திசை மாறும். முதல் பாதியில் சில மரம் ஒரு பக்கம் விழும், பிற்பாதியில் மிச்சம் வேறு பக்கம் விழும். அப்புறம் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் நகர்த்திவிடும். நான் பார்த்த சில ஊர்களில் எதற்கும் ஒழுங்கே இல்லை.

சுரத்தி பஜார் தாத்தா

துவாந்தே கால்வாய் இல்லை என்று மட்டும் சொல்வேன். கால்வாயில் அக்கரை அருகில் தெரியும், ஆள் முகமே தெரியும்.

பியாபோன் அக்கா

படத்தைத் தனியாக அனுப்பினீர்கள், பார்த்தேன். அது எங்கள் பக்கம்தான். மாரியம்மன் கோயில், ஆற்றோரம். அந்த இரண்டு மாடி ஃபெர்ரி ரங்கூனிலிருந்து வருகிற பழைய லைன் படகு. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை, டல்லாக்கரை தம்பிக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். ஊர் ரொம்பச் சின்னது, படத்தில் நிற்கிற இரண்டு பேரை யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். அதில் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போடலாம். இன்னும் இருக்கிறார், நல்ல சுகம். கோயிலை இப்போது மேட்டில் கட்டியிருக்கிறோம். பழைய இடத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று பொறியாளர் கேட்டபோது எங்களால் கையை உயர்த்தித்தான் காட்ட முடிந்தது. இந்தப் படம் அன்று இருந்திருந்தால் சண்டை வந்திருக்காது. ஒருவர் நெஞ்சளவு என்றார், ஒருவர் தலைக்கு மேல் என்றார்.

மோல்மீன் தம்பி

போலிப் படங்கள் பற்றி யாரும் பேசவில்லையே. ஒவ்வொரு மே மாதமும் நர்கிஸ் என்று சுற்றுகிற படங்களில் 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் பண்டா அச்சே நகரத்தில் எடுத்ததும் கலந்து வருகிறது. பின்னால் பெரிய மசூதி, கடைப் பலகையில் ரோமன் எழுத்து. நம் ஊர்ப் பலகை அப்படி இருக்காது என்று பார்த்தாலே தெரியும், ஆனாலும் பகிர்கிறார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு கணினியே வரைந்த படங்கள் வந்தன. பகோடா விழுவது போல, கூட்டம் ஓடுவது போல. எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர் நம்பினார்கள். நம் படங்களை எடுத்து எவனாவது அடுத்த புயலுக்கு ஒட்டமாட்டானா?

அங் மோ கியோ

ஒட்டுவான். தடுக்க முடியாது. ஊர், தேதி, எடுத்தவர் என்று படத்துக்கு உள்ளேயே கீழே ஒரு பட்டையில் எழுதிவிடுங்கள். வெட்டி எடுக்கலாம்தான், ஆனால் வெட்டினது தெரியும். சேறும் கூரையும் மட்டும் உள்ள படங்களைத்தான் எளிதாகத் திருடுவார்கள். பலகையோ சிலேட்டோ உள்ள படத்தைத் திருடுவது கஷ்டம். தேடுகிறவர்கள் கண்டுபிடிக்க வசதியாக மூலப் படங்களை முதலில் ஒரு பொது இடத்தில் தேதியோடு ஏற்றி வையுங்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய நிலைமையில் பேஸ்புக் திறக்கவே விபிஎன் வேண்டும், அதற்கும் சட்டம் போட்டிருக்கிறார்கள். படத்தை ஏற்றுகிற வேலையை வெளியூரில் இருக்கிற யாராவது செய்யட்டும். நான் செய்கிறேன். நிவாரணம் கொடுத்தவர்கள், பிக்குகள் முகம் தெளிவாகத் தெரிகிற படங்களில், அந்த ஆள் சம்மதிக்காதவரை முகத்தை மறைத்துவிடலாம்.

தாட்டோன் டீச்சர்

வாங்குகிறவர்கள் முகத்தையும்.

அங் மோ கியோ

சரி டீச்சர். அவர்கள் முகத்தையும்.

பர்மா பஜார்

சென்னையில் அச்சுக்குக் கொடுத்து ஒரு சின்னத் தொகுப்பாகப் போட எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறேன். மே மாதத்துக்குள் முடியாது, அவசரப்படவும் வேண்டாம். சித்தப்பா பெயரை அட்டையில் போட சித்தி சம்மதிப்பாரா?

டல்லாக்கரை

சித்தியிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். உடல்கள் உள்ள படங்களைத் தனி டிஸ்கில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன், கேட்டு வருபவர்களுக்கு அவர் காட்டுவார். மற்றதைப் போடலாம் என்கிறார். அட்டையில் பெயர் வேண்டாம், ஸ்டுடியோ பெயர் போதும் என்கிறார். அதைப் பற்றி இன்னும் பேசிப் பார்க்கிறேன்.

முதல் தொகுதியில் சுவர்ப் படங்கள், குளங்கள், துறைகள் மட்டும். நேரத்தை எல்லாம் அரை மணி பின்னால் நகர்த்தியாகிவிட்டது. கேமரா பாங்காக் நேரத்தில்தான் இருந்திருக்கிறது, ஒரு டீக்கடைக் கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தோம். குஞ்சாங்கோன் படங்களில் 14, 15, 22 மூன்றுக்கும் எந்த மடம் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள். 31ஐ அந்தப் பெரியவர் பார்த்துச் சொன்ன பிறகு ஏற்றலாம்.

2009 படம் கேட்டீர்கள் அல்லவா, ஒன்று இருக்கிறது. படகில் தண்ணீர்த் தொட்டி, குழாய் பிடித்து ஒரு பையன் நிற்கிறான். தேதி மார்ச் என்று இருக்கிறது. எந்த ஊர் என்று கோப்புப் பெயரில் பாதிதான் மாறி வந்தது. அங் மோ கியோ தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மின்சாரம் இருந்தால் மிச்சத்தையும் அனுப்புகிறேன்.

அங் மோ கியோ

வந்து சேர்ந்தது. மாற்றிப் பார்த்தேன், லபுட்டா என்று தொடங்குகிறது, அடுத்த சொல் கிராமப் பெயர். பழைய கள ஊழியர் அண்ணே, உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.